காலி நாற்காலிக்கு முன்னால் ஒரு தட்டு

அருங்காட்சியகத்துக்கு வகுப்போடு போக மெட்ரோவில் ஏறி உட்கார்ந்ததுமே சஹானா அந்தத் தவறைச் செய்துவிட்டாள்.

“அஞ்சலீனா, நீ சாப்பாடு எடுத்து வரவில்லையா?” என்று கேட்டாள். அதுவும் பிரெஞ்சில், உரக்க. தமிழில் கேட்டிருந்தால் அந்தப் பெட்டியில் வேறு ஒருவருக்கும் புரிந்திருக்காது. இப்போது வகுப்பே திரும்பிப் பார்த்தது.

அஞ்சலீனா தன் ஒட்டிப்போன பையை மடியோடு அணைத்துக்கொண்டாள்.

“எனக்கு இன்றைக்குப் பசிக்கவே பசிக்காது,” என்று எல்லாருக்கும் கேட்கும்படி பிரெஞ்சில் சொன்னாள். பிறகு தமிழில், மெதுவாக, “நீ சும்மா இரு,” என்றாள்.

சஹானாவின் காது சூடாகிவிட்டது. இனி எதைக் கொடுத்தாலும் அஞ்சலீனா தொடமாட்டாள். போன குளிர்காலத்தில் ஒருநாள், “எனக்குக் குளிரேல்லை” என்று சொல்லிவிட்டாள் என்பதற்காக, இடைவேளை முழுவதும் கையுறை இல்லாமல் பனியில் நின்றவள் அவள்.

அருங்காட்சியகத்தில் அன்று கருஞ்சிறுத்தைக் கட்சியைப் பற்றிய கண்காட்சி. ஏறக்குறைய அறுபது ஆண்டுகளுக்கு முன், அமெரிக்காவில் கறுப்பின மக்கள் தங்கள் உரிமைகளுக்காகத் தொடங்கிய இயக்கம் அது. சாய்ந்த கறுப்புத் தொப்பியும் தோல் மேலங்கியும் அணிந்த இளைஞர்கள் சுவரெங்கும் நிமிர்ந்து நின்றார்கள். வகுப்புத் தோழன் கிறகரியும் ஒவ்வொரு படத்தின் முன்னாலும் நிமிர்ந்து நின்றான். அவனுடைய பெற்றோர் ஹெயிட்டியிலிருந்து வந்த கறுப்பினத்தவர்கள்.

“இவர் என் மாமா மாதிரியே இருக்கிறார்,” என்றான்.

“போன படத்துக்கும் அதைத்தான் சொன்னாய்,” என்றாள் சஹானா.

“எனக்கு நிறைய மாமாக்கள்.”

சஹானாவுக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் அடுத்த படத்தைப் பார்த்ததும் அவள் அங்கேயே நின்றுவிட்டாள்.

ஒரு நீண்ட மேசை. பள்ளிக்குப் போகுமுன் வந்த பிள்ளைகள் வரிசையாக உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள். அந்தக் கட்சி பிள்ளைகளுக்கு இலவசமாகக் காலை உணவு கொடுத்ததாம். மேசையின் கடைசியில் இரண்டு நாற்காலிகள் காலியாக இருந்தன. அவற்றின் முன்னாலும் தட்டுகள் இருந்தன. தட்டில் சாப்பாடும் இருந்தது.

இன்னும் வராத பிள்ளையிடம் ‘சாப்பிடுகிறாயா’ என்று எப்படிக் கேட்டிருப்பார்கள்? கேட்கவில்லை. வைத்துவிட்டார்கள்.

வீட்டுக்கு யார் வந்தாலும் அம்மாவும் கேட்பதில்லையே, நேரே தட்டோடுதானே வருவாள் என்று சஹானா நினைத்துக்கொண்டாள். எல்லாம் தெரிந்திருந்தும் நான் மட்டும் ஏன் கேட்டேன்?

சாப்பாட்டு நேரம் வந்ததும், எல்லாருக்கும் முன்னால் அவள் சாப்பாட்டு அறைக்கு ஓடினாள். மேசையைச் சுற்றி ஒவ்வொரு நாற்காலிக்கும் நேராக ஒரு காகிதக் கைக்குட்டையை விரித்தாள். ஒவ்வொன்றிலும் ஓர் இட்லி வைத்தாள். அம்மா எப்போதும் ஊருக்கே போதும்படிதான் கட்டிக் கொடுப்பாள். மிளகாய்ப்பொடி தடவிய இட்லிகள்.

“என்ன செய்கிறாய்?” என்று கேட்டபடி கிறகரி வந்தான்.

“படத்தில் பார்த்தோமே, அந்த மேசை. உன் பேகல் ரொட்டியையும் துண்டு போடு.”

கிறகரிக்கு அதற்குமேல் விளக்கம் வேண்டியிருக்கவில்லை. தன் கம்பளித் தொப்பியை ஒரு பக்கமாகச் சாய்த்துக்கொண்டான். “இந்த மேசையில் எல்லாருடைய சாப்பாடும் எல்லாருக்கும்,” என்று அறிவித்தான். ஆப்பிள் துண்டுகள் வந்தன, பாலாடைக்கட்டி வந்தது. யாரோ பாதி கடித்த பிஸ்கட்டையும் நீட்டினார்கள். கிறகரி அதை மரியாதையாகத் திருப்பிக் கொடுத்தான்.

அஞ்சலீனா கடைசியாக வந்தாள். ஒரே ஒரு நாற்காலிதான் மிச்சம். அதன் முன்னாலும் எல்லார் முன்னாலும் இருந்ததே இருந்தது.

சஹானா நிமிரவில்லை. கையிலிருந்த ஆரஞ்சை உரித்துக்கொண்டே இருந்தாள். ‘சாப்பிடேன்’ என்ற சொல் நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கினாள். கேட்பதைவிடக் கேட்காமல் இருப்பது எவ்வளவு கடினமாக இருக்கிறது.

“உட்கார் அஞ்சலீனா, வழியை மறைக்கிறாய்,” என்றான் கிறகரி.

நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. பிறகு ஒரு கை மெதுவாக நீண்டது. பேகல் துண்டு போயிற்று. ஆப்பிள் போயிற்று. இட்லியும் போயிற்று.

“சஹானா.” அஞ்சலீனாதான் கூப்பிட்டாள்.

“என்ன?”

“உங்கட அம்மாட்டைச் சொல்லு. இதுக்கு உறைப்புக் காணாது.”

“காரம் போதலைன்னு சொல்றேன்,” என்ற சஹானா, ஒன்றும் கேட்காமல் இன்னோர் இட்லியை அவள் முன்னால் வைத்தாள்.