வேண்டாம் என்ற பொத்தான்

"மூடுற பெருக்கல் குறி எங்க மாப்பிள்ளை? கண்ணுலயே படலையே."

"வெள்ளையில வெள்ளையா வச்சிருக்கேன் மச்சான். தெரிஞ்சா மூடிட்டுப் போயிடுவானுங்க. வர்றதெல்லாம் ஆட்டுமந்தை. மறிச்சாத்தான் நிக்கும்."

போனில் மனைவியின் அண்ணன் தயங்கினார். தொட்டில் கடைக்காரர். அவருடைய இணையதளத்தை விட்டு யாராவது வெளியேறப் பார்த்தால் ஒரு பாப்-அப் பெட்டி குதித்து வழிமறிக்க வேண்டும். அதற்கான பிளகினை, அந்தச் சிறு துணைநிரலை, தளத்தில் பொருத்துவதுதான் இவனுடைய மதிய வேலை. பெட்டியில் இரண்டு பொத்தான்கள். 'ஆமாம், சலுகை வேண்டும்.' அதற்குக் கீழே, 'வேண்டாம், என் குழந்தை எனக்கு முக்கியமில்லை.'

"பெத்தவன் எவனாவது இதை அழுத்துவானா?"

"கூசும்ல? அந்தக் கூச்சத்துலதான் மச்சான் உங்க வியாபாரமே இருக்கு."

போனை வைத்துவிட்டுச் சோதித்தான். பெட்டி வந்தது. வேண்டாம் என்பதை அழுத்தினான், மறைந்தது. மறுத்தவரிடம் மீண்டும் வரக்கூடாது என்று குறித்திருந்தும், உடனே திரும்பி வந்தது. பிளகினை எழுதிய மண்டூகத்தைத் திட்டிக்கொண்டே மறுபடி அழுத்தினான்.

பக்கத்து அறையில், திரைச்சீலை வடிகட்டிய மஞ்சள் வெளிச்சத்தில், தைல வாசனைக்கு நடுவே மகள் தூங்கிக்கொண்டிருந்தாள். சளி அடைத்த அவளுடைய மூச்சு, யாரோ மெதுவாக மரம் அறுப்பதைப் போல, திறந்திருந்த கதவு வழியே வந்துகொண்டிருந்தது. "அவ மேல ஒரு கண்ணு வைங்க" என்று மனைவி சொல்லிவிட்டுத்தான் வேலைக்குப் போயிருந்தாள். தூங்குகிற பிள்ளைக்குக் காவல் வேறா என்று அப்போது உதட்டைச் சுழித்திருந்தான்.

பெட்டி வந்தது. அழுத்தினான். மூச்சு ஒரு கணம் தடைப்பட்டுத் தொடர்ந்தது.

வந்தது. அழுத்தினான். மூச்சு மெலிந்தது. சளி இறங்குகிறது போல, நல்லதுதான்.

அழுத்தினான்.

தைல வாசனை இல்லை.

மூச்சுச் சத்தமும் இல்லை.

எழுந்து போய்ப் பார்த்தான். கட்டில். சுருக்கமே விழாத விரிப்பு. தலையணையில் பள்ளமில்லை. தொட்டான். சில்லென்றிருந்தது. யாரும் ஒருபோதும் படுத்திராத சில்லிப்பு.

பெயர் சொல்லிக் கூப்பிட வாயைத் திறந்தான். பெயர் வரவில்லை.

ஓடி வந்தான். திரையில் பெட்டி காத்திருந்தது. கடையின் தொட்டில் படம் இருந்த இடத்தில் இப்போது மஞ்சள் வெளிச்சம், ஒரு கட்டில், எழுந்து உட்கார்ந்திருக்கும் ஒரு சிறுமி. ஆமாம் என்ற பொத்தானைக் காணோம். கீழே அந்த 'வேண்டாம்' மட்டும், அகலமாக. அம்புக்குறியை விலக்கினான். பொத்தானும் கூடவே நகர்ந்து வந்து அதன் அடியிலேயே நின்றது.

கணினியின் ஒலிபெருக்கியில், சளி அடைத்த குரல்.

"அப்பா... ஆமான்னு சொல்லுங்கப்பா."