ஆறாம் மேசைக்கு முதலில் தண்ணீர்

"எச்சித் தட்டு எடுத்ததெல்லாம் ஒரு கதையா அண்ணி? அதுக்கு மாலை மரியாதை வேறயா!"

காலை ஏழு மணிக்கே நாத்தனார் அம்மாக்கண்ணு ஆரம்பித்துவிட்டாள். அவள் வாயை யாரால் மூட முடியும்! நீலாவதி பட்டுப்புடவைக்கு மடிப்பு வைத்தாள். பதினோரு மணிக்கு அவள் எழுதிய புத்தகத்தின் வெளியீடு! கணவர் போனபின் இருபத்திரண்டு வருடம் அவள் பரிமாறிய அதே சாப்பாட்டுக் கடையில், மலையூரான தானா ராத்தாவில்!

"புவனேசுக்கும் உங்க புத்தகம் ஒண்ணு போஸ்ட் பண்ணிட்டேன். அவன் மானத்தக் கப்பலேத்திட்டீங்கள்ல? அவனே வந்து நிறுத்துவான் பாருங்க!"

நீலாவதி மடிப்பை விட்டுவிட்டுத் திரும்பினாள். ஈப்போ நகரத்துக்குப் போய் ஐந்து வருடமாக முகம் காட்டாத மகன்... சண்டை போடவா வரவேண்டும்?

கடையில் நிற்க இடமில்லை! எஸ்டேட்டே திரண்டிருந்தது. முதலாளி சாகுல் ஹமீது புதுத் தொப்பியோடு ஓடி வந்தார். "நீலாக்கா, இன்னிக்கு நீங்க ஒரு தட்டத் தொடக்கூடாதுலா!"

அவர் மகள் ரொஹானா புத்தகத்தில் ஒரு பக்கத்தைச் சத்தமாக வாசித்தாள்.

"உட்கார்ந்தவரிடம் எதுவும் கேட்பதற்கு முன் தண்ணீர் வை. முகத்தைப் பார்த்து ஆளை முடிவு கட்டாதே. பசியில் இருப்பவன் கோபக்காரனாகத் தெரிவான். இருபத்திரண்டு வருடத்தில் ஒரே ஒருநாள் நான் இதை மறந்தேன். என் மகன் நாலு பெரிய மனிதர்களோடு ஆறாம் மேசைக்கு வந்த நாள். என்னைக் கண்டதும் அவன் முகம் சிவந்தது. வெட்கப்படுகிறான் என்று நானே முடிவு கட்டினேன். 'என்ன சாப்பிடுறீங்க சார்?' என்று கேட்டுவிட்டு, யாரோபோல நகர்ந்தேன்..."

"வந்துட்டான்!" என்று கத்தினாள் அம்மாக்கண்ணு.

வாசலில் புவனேஸ்! கையில் கசங்கிய புத்தகம்.

"யாரக் கேட்டும்மா என்னை சார்னு கூப்பிட்டீங்க?"

"சாமி..." என்று எழுந்தாள் நீலாவதி.

"பொண்ணு வீட்டுக்காரங்கள எதுக்கு இந்தக் கடைக்குக் கூட்டியாந்தேன்? இதுதான் எங்கம்மான்னு காட்டத்தானே! சொல்லலாம்னு எந்திரிச்சேன்... நீங்க சார்னுட்டீங்க! சம்பந்தம் பிடிக்காம என்னை யாரோன்னு ஆக்கிட்டீங்கன்னு நெனச்சேம்மா!"

"முகமெல்லாம் செவந்திருந்துச்சேடா..."

"பயம்மா! மாமனார் முன்னாடி வாயே வரல!"

ஐயோ, இதற்கா ஐந்து வருடம்! நீலாவதி ஓடிப்போய் மகனைக் கட்டிக்கொண்டாள். இருவரும் குலுங்கிக் குலுங்கி அழுதார்கள். சாகுல் ஹமீது தொப்பியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

புவனேஸ் அம்மாவை ஆறாம் மேசையில் உட்கார வைத்தான். தோளில் துண்டைப் போட்டுக்கொண்டு நின்றான்.

"என்ன குடிக்கிறீங்கம்மா?"

அழுகைக்கு நடுவே அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "புத்தகத்த ஒழுங்காப் படிச்சியாடா? மொதல்ல தண்ணி வைக்கணும்!"

கடை முழுக்கக் கைதட்டல்! அவன் திரும்புவதற்குள் ஒரு கை குறுக்கே வந்து மேசையில் தண்ணீர்க் கிளாசை வைத்தது. பாதி சிந்திவிட்டது.

"குடிங்க அண்ணி..." அம்மாக்கண்ணுவால் தலையை நிமிர்த்த முடியவில்லை.

நீலாவதி ஒரே மூச்சில் குடித்து முடித்தாள். பிறகு பக்கத்து நாற்காலியை இழுத்துப் போட்டு, நாத்தனாரை உட்காரச் சொன்னாள்.