நீல டப்பாவின் வயிற்றில் இரும்புத்தூள்

காலை 8.10.

முதலாளியின் மேசைமேல் பழைய செய்தித்தாள் விரித்து, அதில் நீல நிற ஆயில் ஃபில்டர் ஒன்றைக் கிடத்தியிருந்தார்கள். சனிக்கிழமை நான்காம் வேனிலிருந்து கழற்றியது. நடுவயிற்றில் அறுபட்டு இரண்டு துண்டு. உள்ளே காகித மடிப்பிலும் நடுக்குழாயிலும் இரும்புத்தூள் மினுமினுத்தது.

பக்கத்தில் ஒரு வெள்ளை ஃபில்டர். அதுவும் வண்டியில் ஓடியதுதான். ஆனால் மூடியைத் திறந்தாற்போல் அழகாகத் திறந்திருந்தது. ஒரு பொட்டுத் தூள் இல்லை.

ஆறு பார்சல் வேன்களின் டிரைவர்களும் வாசலில் நின்றார்கள். முதலாளி தெருவுக்கே கேட்கக் கத்தினார்.

"பாருங்கய்யா! எஞ்சின் அரைஞ்சு வந்த இரும்பு. ஃபில்டர் பிடிக்காம விட்டிருக்கு. நல்ல சரக்குன்னு சொல்லிப் போலியை மாட்டியிருக்கான். திருட்டுப் பய! பத்து மணிக்கு மேல இவன் இங்க நிக்கக் கூடாது!"

அவர் கை நீட்டியது மெக்கானிக்கை. ஷெட்டில் அவருக்கு 'முக்கால் சுத்து' என்று பெயர். ஃபில்டரின் ரப்பர் வளையம் எஞ்சினைத் தொட்டதும் கையாலேயே முக்கால் சுற்று, அதற்குமேல் முறுக்கமாட்டார். பதினொரு வருடம் இந்த ஷெட்டின் தரையில் மல்லாந்து கிடந்த முதுகு அவருடையது. திருடன் என்று ஒரு ஷெட்டில் பேர் வாங்கினால், அடுத்த ஷெட்டில் ஸ்பேனரைத் தொடவிட மாட்டார்கள்.

காலை 8.25.

வண்டி கழுவும் அக்கா உள்ளே வந்தார். எல்லாரும் 'வாட்டர் சர்வீஸ்' என்பார்கள். முதலாளியின் காரைக் கழுவச் சாவி வாங்க வந்தவர், மேசைமேல் குனிந்து ரொம்ப நேரம் பார்த்தார்.

"தண்ணி சொட்டுது, தள்ளி நில்லும்மா!"

"பத்து மணி வரைக்கும் டைம் குடுத்திருக்கீங்கல்ல முதலாளி? நாலு கேள்வி கேட்டுக்கறேன்."

"நீ என்ன போலீஸா?"

"போலீஸ் ஜீப்பையும் நான்தானே கழுவறேன்."

டிரைவர்கள் சிரிப்பை மீசைக்குள் ஒளித்துக்கொண்டார்கள்.

காலை 8.40.

"அண்ணே, எண்ணெய் இதுக்குள்ள எப்படிப் போகும்?"

"சுத்தியிருக்கிற சின்ன ஓட்டை வழியா நுழையும்," என்றார் முக்கால் சுத்து. "காகிதத்தோட வெளிப்பக்கம் அழுக்கு நின்னுடும். சுத்தமான எண்ணெய் நடுக்குழாய் வழியா எஞ்சினுக்குப் போயிடும்."

"இதை அறுத்தது நீங்களா?"

"கழட்டிக் குப்பை டிரம்ல போட்டதோட சரிம்மா."

அக்கா காகித மடிப்புகளை நகத்தால் பிரித்தார். அறுபட்ட ஓரத்தில் இரண்டு விரல் அகலத்துக்கு மினுமினுப்பு. அதைத் தாண்டிக் கருப்பு எண்ணெய் மட்டும்.

காலை 9.05.

முதலாளியின் சகலை பிளாஸ்டிக் நாற்காலியில் கால்மேல் கால் போட்டு டீ குடித்துக்கொண்டிருந்தார். உதிரிபாகக் கடைக்காரர். வெள்ளை ஃபில்டர் அவர் கடைச் சரக்கு.

"வெள்ளையை யார் சார் திறந்தது?"

"நான்தான். அதுக்குன்னு கட்டர் இருக்கு. சுத்தி உருட்டினா மூடி தனியா வந்துடும்."

"நீலத்தை?"

"ஏம்மா, என் தலையில கட்டப் பாக்கறியா? நான் வரும்போதே அது ரெண்டு துண்டாத்தான் கிடந்துது!"

டிரைவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். நீலம் போனால் வெள்ளை உள்ளே வரும். இந்த ஆள்தான் என்று ஆறு பேரும் மனதுக்குள் தீர்ப்பு எழுதிவிட்டார்கள்.

காலை 9.20.

"முதலாளி, கட்டைவிரல்ல என்ன கட்டு?"

"நேத்து கார் கதவுல மாட்டிக்கிச்சு. போய்க் காரைக் கழுவு!"

அக்கா போனார். டிக்கியைத் திறந்து விரிப்பை உதறினார். திரும்பி வரும்போது ஈரத்துணியில் நீளமாக ஏதோ சுற்றியிருந்தது.

காலை 9.50.

"அண்ணன் மாட்டினது போலி, இரும்பு அதைத் தாண்டி உள்ள வந்துடுச்சு. அதானே முதலாளி உங்க கேஸு?"

"ஆமா!"

"இந்தத் தூளை விரல்ல தொட்டுப் பாருங்க. நடுவுல நடுவுல என்ன கலர்?"

முதலாளி தொட்டார். கண்ணாடியை மேலே தள்ளினார். "நீலம்."

"எஞ்சினுக்குள்ள நீலப் பெயிண்ட் அடிச்சது யாரு?"

முதலாளி விரலைச் செய்தித்தாளில் துடைத்தார்.

"நீலம் இருக்கறது டப்பாவோட வெளித்தோல்ல மட்டும். அதை அறுத்தா தூள் உள்ளதான் கொட்டும். எஞ்சினும் அரையல, ஃபில்டரும் ஓட்டையில்ல. தூள், அறுத்தவர் போட்டது."

ஆறு டிரைவர்களும் சகலை பக்கம் திரும்பினார்கள். அவருக்கு டீ புரையேறியது.

"அவரில்ல. கட்டர் வச்சிருக்கறவர் எதுக்கு உக்காந்து அறுக்கப் போறார்?" அக்கா துணியைப் பிரித்தார். இரும்பு அறுக்கும் ஆக்ஸா பிளேடு. பல் இடுக்கெல்லாம் நீலம். பிடியோரம் காய்ந்த ரத்தம். "உங்க கார் டிக்கியில இருந்துது முதலாளி. விரலை அறுத்தது கதவு இல்ல."

முதலாளி கட்டைவிரலை மேசைக்கு அடியில் இறக்கினார்.

"வீடியோல ஒருத்தனைப் பார்த்தேன்... அறுத்துப் பார்த்தா தரம் தெரியும்னான்... தூள் விழும்னு அவன் சொல்லவேயில்ல."

"தரம்தானே பார்க்கணும்? அண்ணே, ரெண்டையும் விரிங்க."

முக்கால் சுத்து இரண்டு காகிதங்களையும் பிரித்தார். நீலத்தில் அறுபத்திரண்டு மடிப்பு, இரண்டு முனையிலும் தகடு, எண்ணெய் திரும்ப இறங்காமல் தடுக்கும் ரப்பர் இன்னும் மெத்தென்று. வெள்ளையில் நாற்பத்தொரு மடிப்பு. முனையில் தகட்டுக்குப் பதில் அட்டை. பசை விட்டுப்போய்ச் சுண்டுவிரல் நுழைந்தது. ரப்பரை வளைத்ததும் பிஸ்கட் மாதிரி முறிந்தது.

"இந்தச் சந்துல அழுக்கு என்ன, என் வேனே போகும்," என்றார் ஒரு டிரைவர்.

சகலைக்குக் கடையில் அவசர வேலை வந்துவிட்டது. டீ பாதியில் நின்றது.

காலை 10.00.

"சரி, சரி. போய் வேலையைப் பாரு," என்று முதலாளி மேசையிடம் சொன்னார்.

முக்கால் சுத்து நகரவில்லை. "திருடன்னு சொன்னப்ப தெருவுக்கே கேட்டுச்சு முதலாளி. இது எனக்கே கேக்கல."

வாசலில் நின்ற ஆறு பேரும் கிளம்புவதாக இல்லை. முதலாளி எழுந்தார். தொண்டையைச் செருமினார்.

"இவன் திருடன் இல்ல."

"கடைசியில நிக்கிற அண்ணனுக்குக் கொஞ்சம் காது மந்தம் முதலாளி," என்றார் அக்கா.

"இவர் திருடன் இல்லய்யா! அறுத்தது நான்தான்!"

அந்த 'இவர்' பதினொரு வருடத்தில் முதல்முறை. முக்கால் சுத்து கையைத் துடைத்துக்கொண்டு, இரண்டாம் வேனுக்கு அடியில் போய்ப் படுத்தார்.