மார்க்கோவின் பனிவண்டி

அக்டோபர் கடைசி நாள் ஹாலோவீன்; பிள்ளைகள் வேஷம் போட்டு வீடு வீடாகப் போய் மிட்டாய் வாங்கும் நாள். போன வருஷம் அன்று என் தம்பி மார்க்கோ ஒன்பது வீட்டோடு நின்றுவிட்டான். பத்தாவது வீட்டுக்கு வர மாட்டேன் என்று வாசல்படியிலேயே உட்கார்ந்து அழுதான்.

அவன் போட்டிருந்தது நரி வேஷம். கூரான காது, வெள்ளை வயிறு, புசுபுசு வால் என்று அம்மா அழகாகத் தைத்திருந்தார். ஆனால் அன்று குளிர் தாங்கவில்லை. நரிக்கு மேலே தடித்த பனி உடுப்பு ஏறியது. அதற்கு மேலே குல்லா, கையுறை. கடைசியில் வெளியே தெரிந்தது வால் மட்டும்தான்.

"நீ யாருடா கண்ணு? அணிலா?" என்று கேட்டார்கள் முதல் வீட்டில்.

"பூனைதானே?" என்றார்கள் அடுத்த வீட்டில்.

ஒன்பதாவது வீட்டு பென்னர் மாமா மூக்குக்கண்ணாடியைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "ஒட்டடை அடிக்கிற குச்சியா?" என்றார்.

யாரும் கிண்டலுக்குக் கேட்கவில்லை. ஆனாலும் மூன்று வயதுப் பையன் எத்தனை முறைதான் "நான் நரி" என்று சொல்வான்?

அதனால் இந்த வருஷம் அவனிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டேன். "உன்னைப் பார்த்து 'நீ யாரு'ன்னு ஒருத்தர்கூடக் கேட்க மாட்டாங்க. வேஷத்தை நான் செய்யறேன்."

"சத்தியமா, அக்கா?"

"சத்தியமா."

எனக்குப் பதினொரு வயது. அதுவரை நான் செய்த ஒரே பொருள் பறவைக்கூடு. அதில் இன்றுவரை ஒரு பறவையும் குடி வரவில்லை.

மார்க்கோ கேட்டது பனி தள்ளும் வண்டி. எங்கள் ஊர்ச் சாலைகளில் பனி விழுந்தால் அதைத் தள்ளி ஒதுக்குவது அப்பாவின் வேலை. அவருடைய வண்டி ஆரஞ்சு நிறம். முன்னால் வளைந்த பெரிய தகடு, மேலே சுழலும் மஞ்சள் விளக்கு. அது தெருவில் வந்தால் மார்க்கோ சாப்பாட்டை விட்டுவிட்டு ஜன்னலுக்கு ஓடுவான்.

நான் நோட்டில் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டேன். மார்க்கோவை நிற்க வைத்து மார்பு, தோள், உயரம் எல்லாம் அளந்தேன். மூன்று முறை அளந்தேன். இரண்டாம் முறை மட்டும் இரண்டு சென்டிமீட்டர் கூடுதலாக வந்தது. அவன் கூச்சத்தில் சிரித்துக்கொண்டிருந்ததால் வந்த பிழை என்று அடித்துவிட்டேன்.

மளிகைக் கடையில் ஒரு நீளமான அட்டைப் பெட்டி கிடைத்தது. மாட்டினால் லொடலொடவென்று ஆடக் கூடாதே என்று, நோட்டில் இருந்த அளவுக்கு அதன் அகலத்தைக் குறைத்து ஒட்டினேன். தலை நுழைய மேலே ஒரு ஓட்டை. சுற்றிலும் ஆரஞ்சு டேப். பழைய வாளியை அப்பா நெடுக்காக அறுத்துக் கொடுத்தார்; அதுதான் தகடு. தயிர் டப்பாவுக்கு மஞ்சள் பூசி உள்ளே சின்ன டார்ச்சை வைத்தேன்.

ஆறு மாலைகள் ஆயின. ஒவ்வொரு நாளும் படுக்கும்போது, எதையோ மறந்துவிட்டோம் என்று தோன்றிக்கொண்டே இருந்தது. எழுந்து போய் நோட்டைப் பார்ப்பேன். எல்லாம் சரியாகத்தான் இருக்கும்.

இந்த வருஷம் அக்டோபர் முழுக்க நல்ல வெயில். பிள்ளைகள் மெல்லிய சட்டையோடு சைக்கிள் ஓட்டினார்கள். பனி உடுப்புகள் பெட்டிக்குள்ளேயே கிடந்தன.

ஹாலோவீன் அன்று மதியம், பள்ளியில் கணக்குப் பாடம் நடக்கும்போது பனி விழ ஆரம்பித்தது. வகுப்பே ஜன்னல் பக்கம் திரும்பியது. நான் மட்டும் பென்சிலைக் கீழே வைத்தேன். எதை மறந்தேன் என்று அப்போதுதான் தெரிந்தது.

வீட்டுக்கு வந்தபோது பனி கணுக்கால் வரை ஏறியிருந்தது. எங்களோடு வருவதாகச் சொன்ன அப்பா வேலைக்குப் போய்விட்டார். குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒரு சீட்டு ஒட்டியிருந்தார்: 'டாரியா, மார்க்கோ, பனி வந்திடுச்சு. நான் மத்த தெருவைப் பார்த்துக்கறேன். நம்ம தெருவை நீங்க பார்த்துக்கோங்க.'

அம்மா பனி உடுப்பைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

"டாரியா, நீ இதுக்கு மேலதானே அளவு எடுத்தே?"

எங்கள் ஊரில் ஹாலோவீன் வேஷத்துக்குப் பனி உடுப்பின் மேல்தான் அளவு எடுப்பார்கள். பாலர் பள்ளிப் பிள்ளைக்குக்கூட அது தெரியும். நான் நோட்டைத் திறந்தேன். என் கையெழுத்திலேயே இருந்தது: 'மார்பு 57 செ.மீ. பைஜாமாவோடு.'

"ஒரு தடவை போட்டுத்தான் பார்ப்போமே," என்றார் அம்மா.

பனி உடுப்புக்குள் மார்க்கோ உப்பிப்போய் உருண்டையாக நின்றான். பெட்டியை அவன் தலைக்கு மேலே தூக்கி இறக்கினேன். தலை போனது. தோள் போகவில்லை. கொஞ்சம் அழுத்தினேன். பெட்டியின் ஓரம் 'கிர்ர்' என்றது.

"அக்கா, உள்ளே இருட்டா இருக்கு."

"கையைத் தூக்குடா."

"தூக்கிட்டுத்தான் இருக்கேன். கை எங்கேன்னு தெரியல."

அம்மாவும் நானும் சேர்ந்து அவனை உருவி எடுத்தோம். முடி கலைந்து, முகம் சிவந்து வெளியே வந்தான்.

"நான் உடுப்பு போடாம போறேன்," என்றான்.

"மைனஸ் பதினொண்ணு டிகிரி. உடுப்பு இல்லாம வாசலைத் தாண்டக் கூடாது," என்றார் அம்மா. பிறகு என்னைப் பார்த்து, "ஒரு அட்டையில 'பனிவண்டி'ன்னு எழுதிக் கழுத்துல மாட்டி விடலாமா?" என்றார்.

"எழுதினா படிச்சுப் பார்க்கணும்மா. அது 'நீ யாரு'ன்னு கேட்கற மாதிரிதானே?"

மார்க்கோ அழவில்லை. என் சட்டையின் ஓரத்தைப் பிடித்து இழுத்து மெதுவாகக் கேட்டான்: "போன வருஷம் மாதிரியா, அக்கா?"

அவன் அழுதிருந்தால்கூடத் தேவலை.

மணி நாலே முக்கால். ஐந்தரைக்குப் பிள்ளைகள் தெருவுக்கு வந்துவிடுவார்கள். ஏழு மணிக்குள் வீடு திரும்ப வேண்டும் என்பது அம்மாவின் கட்டளை. வேறு பெட்டிக்கு நேரமில்லை. நான் ஜன்னலோரம் போய் நின்றேன். சத்தியம் என்று ஏன் சொன்னேன்? 'முயற்சி பண்றேன்' என்று சொல்லியிருக்கலாமே.

அப்போது தெருக்கோடியில் மஞ்சள் விளக்கு சுழன்றது. அப்பாவின் வண்டி பெரிய சாலையில் போய்க்கொண்டிருந்தது. உயரமான இருக்கையில் தடித்த கோட்டும் குல்லாவுமாக அப்பா உட்கார்ந்திருந்தார்.

உட்கார்ந்திருந்தார்.

வண்டி மறைந்த பிறகும் நான் அங்கேயே பார்த்துக்கொண்டிருந்தேன். அப்பா வண்டியை உடம்பில் மாட்டிக்கொண்டா போகிறார்? உட்கார்ந்துதானே ஓட்டுகிறார்.

"அம்மா, நம்ம சறுக்குவண்டி எங்கே?"

"கொட்டகையில இருக்கு. எதுக்கு?"

எதுக்கு என்று முழுதாகச் சொல்ல எனக்கே தைரியம் இல்லை. போய் எடுத்து வந்தேன். நாங்கள் குன்றில் சறுக்கி விளையாடும் நீளமான மரப்பலகை அது, முன்னால் கயிறு கட்டியது. அதன் மேல் பெட்டியை வைத்துப் பார்த்தேன். பெட்டியின் பின்பக்கச் சுவரை வெட்டி எடுத்தால் மார்க்கோ பின்னால் உட்கார்ந்து, காலை உள்ளே நீட்டிக்கொள்ளலாம். நீட்ட முடியுமா? நிச்சயமாகத் தெரியவில்லை. தப்பாக வெட்டிவிட்டால் ஒட்ட முடியாது. ஆறு நாள் உழைப்பும் போய்விடும்.

கத்தரிக்கோலைப் பார்த்ததும் மார்க்கோ பெட்டியைக் கட்டிப்பிடித்துக்கொண்டான்.

"வெட்டாதே அக்கா. இது என் வண்டி."

எனக்கு அவசரம்தான். ஆனால் அவன் வண்டியை அவனைக் கேட்காமல் எப்படி வெட்டுவது? பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"அப்பா வண்டி பழுதானா என்னடா பண்ணுவாங்க?"

"கழட்டி சரி பண்ணுவாங்க."

"இதுவும் அப்படித்தான். ஆனா சரியா வரும்னு எனக்கே உறுதியாத் தெரியல. உன் வண்டி, நீயே சொல்லு. வெட்டட்டுமா, வேண்டாமா?"

அவன் பெட்டியைத் தடவினான். வெகு நேரம் யோசித்தான். நான் கடிகாரத்தைப் பார்க்காமல் இருக்கப் பாடுபட்டேன்.

"விளக்கை வெட்ட மாட்டியே?"

"மாட்டேன்."

"அப்ப சரி."

கோடு போட்டேன், அழித்தேன், மறுபடியும் போட்டேன். பிறகு வெட்டினேன். அம்மா பெட்டியைப் பலகையோடு சேர்த்துக் கயிற்றால் இறுக்கிக் கட்டினார்.

மார்க்கோ உட்கார்ந்து காலை உள்ளே விட்டான். முழங்கால் இடித்தது. காலைக் கொஞ்சம் மடக்கி, பின்னால் நகர்ந்து, மறுபடியும் நீட்டினான். போய்விட்டது. மேலே தலைக்காக வெட்டிய ஓட்டையின் விளிம்பை ஸ்டியரிங் மாதிரி இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான்.

டார்ச்சைப் போட்டேன். வாசலுக்கு வெளியே வைத்துக் கயிற்றை இழுத்தேன். வாளித்தகடு பனியை அள்ளி இரண்டு பக்கமும் ஒதுக்கியது. பனி இல்லாவிட்டால் இந்த வண்டி ஓர் அங்குலம்கூட நகர்ந்திருக்காது.

"தள்ளுது," என்று மார்க்கோ கிசுகிசுத்தான். "அக்கா, நிஜமாவே தள்ளுது."

இருந்தாலும் எனக்குப் பயம் போகவில்லை. எனக்குப் பனிவண்டியாகத் தெரிவது மற்றவர்களுக்கு வெறும் பெட்டியாகத் தெரிந்தால்?

முதல் வீடு கோவல் ஆன்ட்டியுடையது. கதவு திறந்தது. ஆன்ட்டி கீழே குனிந்து பார்த்தார்.

"வந்துட்டீங்களா? உங்களுக்காகத்தான் காத்திருக்கேன். என் நடைபாதையைப் பாருங்க, கால் வைக்க முடியல."

மார்க்கோ நிமிர்ந்து உட்கார்ந்தான். "கொஞ்சம் ஒதுங்கி நில்லுங்க, ஆன்ட்டி. வண்டி பின்னால போகுது. பீப், பீப், பீப்."

நான் சுற்றி வந்து பின்பக்கமாக இழுத்தேன். நடைபாதை முழுக்க இரண்டு முறை போனோம். ஆன்ட்டி இரண்டு சாக்லேட் கொடுத்தார்.

இரண்டாவது வீட்டிலும் அப்படியே. மூன்றாவது வீட்டு வாசலில் சூனியக்காரி வேஷத்தில் நின்ற இரண்டு பெண்கள் வண்டிக்கு வழிவிட்டார்கள். வீடு வீடாக எண்ணிக்கொண்டே போனேன். எட்டாவது வீடு தாண்டியதும் என் கால் தயங்கியது. அடுத்தது பென்னர் மாமா வீடு.

அவர் கதவைத் திறந்து, மூக்குக்கண்ணாடியைத் தூக்கிக்கொண்டு பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு வாயைத் திறந்தார்.

"ஆமா, நீ யாரு?"

அவ்வளவுதான். கேட்டுவிட்டார். என் கையிலிருந்து கயிறு நழுவியது. மார்க்கோவின் முகத்தைப் பார்க்கவே பயமாக இருந்தது.

"உன்னைத்தான் கேட்கறேன் பொண்ணே," என்று மாமா என் பக்கம் விரலை நீட்டினார். "இவர் பனிவண்டி ஓட்டுநர், அது தெரியுது. உனக்கு என்ன வேஷம்?"

நான் என்னையே குனிந்து பார்த்தேன். பழைய நீலக் கோட்டு, தோளில் கயிறு. ஆறு நாளாக ஒரே நினைப்பில் இருந்ததில், எனக்கென்று ஒரு வேஷம் வேண்டும் என்பதையே மறந்திருந்தேன்.

"அக்காதான் இன்ஜின்," என்றான் மார்க்கோ. "வாயில புகை வருது, பார்த்தீங்களா?"

குளிரில் என் மூச்சு வெள்ளையாகத்தான் போய்க்கொண்டிருந்தது. மாமா எட்டிப் பார்த்துத் தலையாட்டினார்.

"நல்ல இன்ஜின்தான். டீசல் போட்டீங்களா?"

"இன்னும் இல்லை," என்றான் மார்க்கோ.

மாமா என் பையில் ஒரு கை நிறைய மிட்டாய் போட்டார். பத்தாவது வீடு எப்போது வந்தது, எப்போது போனது என்றே எங்களுக்குத் தெரியவில்லை.

மொத்தம் இருபத்து மூன்று வீடுகள். ஏழு மணிக்கு நான்கு நிமிடம் இருக்கும்போது எங்கள் வாசலுக்கு வந்துவிட்டோம். எங்களுக்குப் பின்னால் தெருவின் ஓரம் முழுக்க, வளைந்து வளைந்து, ஒரு வாளி அகலத்துக்குப் பனி ஒதுங்கியிருந்தது.

அம்மா கதவைத் திறந்தார். மார்க்கோ வண்டியிலிருந்து இறங்கினான். விளக்கை அணைத்தான். பிறகு என்னிடம் வந்து, எட்டி, கையுறை விரலால் என் மூக்கை ஒரு அழுத்து அழுத்தினான்.

"இன்ஜினை நிறுத்தியாச்சு, அக்கா. இப்ப நீ உட்காரலாம்."

நான் பனியிலேயே உட்கார்ந்தேன்.