கடலுக்கடியில் ஒரு தொப்பை!

"வீ...ல்!"

அந்த அலறலில் 'ஜாதிக்காய் ராணி' ஒரு குலுங்கு குலுங்கியது.

அடியில் கண்ணாடி பதித்த படகு அது. கரீபியன் தீவான கிரெனடாவில் கடலுக்கடியில் இருக்கும் சிலைகளை டூரிஸ்டுகளுக்குக் காட்டிப் பிழைப்பவன் கத்பர்ட். வாய் ஓயாமல் பேசும் ஆசாமி. இப்போது வாயைப் பிளந்தபடி நின்றான்.

"என் மரகத ப்ரேஸ்லெட்! நீச்சல் மாஸ்க் போட்டவன் ஒருத்தன்... தண்ணிக்குள்ளேர்ந்து வந்தான்... பிடுங்கினான்... முங்கிட்டான்!"

அமெரிக்காவிலிருந்து வந்திருந்த ப்ரெண்டா, வெறும் கையை ஆட்டி ஆட்டிக் கத்தினாள்.

கரைக்கு ஃபோன் பறந்தது. ரோந்துப் படகுகள் விர்ரென்று வந்து வளைத்துக்கொண்டன. ஒன்றிலிருந்து தாவி ஏறினாள் இன்ஸ்பெக்டர் ஒடெஸா.

அரை மணி நேரம் ஓடியது. ஒரு தலைகூட மேலே வரவில்லை!

"யோவ் கத்பர்ட்! இவங்களை இந்த ஓரத்துல உக்கார வெச்சது யாரு?"

"நான்தான்... ஆனா..."

"அவனும் கரெக்டா இதே ஓரத்துக்கு வந்திருக்கான். உன் பங்கு எவ்வளவு?"

"ஐயையோ, அம்மா! இவங்க வீட்டுக்காரர்தான் நேத்து ஃபோன் பண்ணார். 'என் பொண்டாட்டிக்கு இடது ஓரம்தான் வேணும், தண்ணிய அளைஞ்சுக்கிட்டே வருவா'ன்னு..."

ப்ரெண்டா சீறினாள். "என் டாம் பாவம், வயித்துவலின்னு ஹோட்டல்ல சுருண்டு கிடக்கறார்! அவரை ஏன் இழுக்கறே?"

ஒடெஸா கையை நீட்டினாள்.

"படகு லைசென்ஸைக் குடு. திருடன் கிடைச்சா திருப்பித் தர்றேன். கிடைக்கலேன்னா, நீ கரையில உக்காந்து தேங்கா விக்கலாம்."

கத்பர்ட் லைசென்ஸை எடுத்து நீட்டினான். படகு போனால் பிழைப்பே போச்சு!

என்ன செய்வதென்று தெரியாமல் குனிந்தான். கண்ணாடிக்குக் கீழே மீனவர் சிலைகள் வரிசையாக உட்கார்ந்திருந்தன. தினமும் பார்க்கிற முகங்கள். எல்லாவற்றின் மேலும் பாசியும் பவளமும் அப்பிக் கிடந்தன.

ஒன்றைத் தவிர!

கடைசியில் இருந்தது, இப்போதுதான் குளித்துவிட்டு வந்ததுபோல் சுத்தமாக இருந்தது. உச்சி முதல் உள்ளங்கால் வரை சாம்பல் நிறம். பாறையில் முதுகைச் சாய்த்திருந்தது. அப்புறம்... அது என்ன?

"அம்மா... எங்க சிலை எதுக்கும் தொப்பை கிடையாது."

"அதனால?"

"இதுக்கு இருக்கே!"

ஒடெஸா குனிந்து பார்த்தாள். சிலையின் தலைக்கு மேல் குமிழி ஒன்று எழும்பியது. பின்னாலேயே இன்னொன்று.

சிலை மூச்சு விட்டது!

"டைவர்ஸை இறக்கறேன்!"

"எதுக்கும்மா சிரமம்? நம்ம பசங்க இருக்காங்க."

மீன்களை வரவழைக்கத் தினமும் போடுகிற ரொட்டிக் கூடையை எடுத்தான். அந்தத் தலைக்கு நேர் மேலே அப்படியே கவிழ்த்தான்.

ரொட்டி மெல்ல இறங்கியது. எங்கிருந்துதான் வந்தனவோ... மஞ்சள் வரி மீன்கள் கூட்டம் கூட்டமாகப் பாய்ந்தன! காதைக் கடித்தன. கழுத்தைக் கடித்தன. தொப்பையை விருந்தாகவே நினைத்துவிட்டன.

சிலை நெளிந்தது... கையை வீசியது... காலை உதறியது...

குபுக்!

மேலே வந்தவனைப் போலீஸ்காரர்கள் கொத்தாகத் தூக்கிப் படகில் போட்டார்கள். உடம்பெல்லாம் சாம்பல் நிறப் பெயிண்ட். முதுகில் காற்று சிலிண்டர். உள்ளங்கையில் மரகதம்.

ஒடெஸா மாஸ்க்கைப் பிடுங்கினாள்.

"டாம்ம்ம்!" ப்ரெண்டாவின் அலறல் முதல் அலறலைத் தோற்கடித்தது.

"அது வந்து... இன்ஷூரன்ஸ் பணமும் வரும்... நகையும் நம்மகிட்டயே இருக்கும்னு..." டாம் தும்மினார்.

"வயித்துவலி எப்படி இருக்கு?" என்று விசாரித்தபடி விலங்கை மாட்டினாள் ஒடெஸா. லைசென்ஸ் கத்பர்ட்டின் சட்டைப்பைக்குத் திரும்பியது. அவனுக்குப் போன உயிரும் திரும்பியது. கூடவே வாயும்.

"சார், ஒரே ஒரு சந்தேகம். அரை மணி நேரம் ஆடாம அசையாம எப்படி உக்காந்தீங்க?"

பதில் ப்ரெண்டாவிடமிருந்து வந்தது.

"இதென்ன அதிசயம்? கல்யாணமான நாள்லேர்ந்து வீட்டு சோபாவுல அதைத்தானே பண்ணிட்டிருக்கார்!"