ஏழாம் மேட்டுத் தெருவின் ஒற்றை மஞ்சள் புள்ளி

வியாழக்கிழமை காலை ஒன்பது மணிக்குக் கிருபாவதி படகிலிருந்து இறங்கி, முழங்கால் வரை சேறோடு தொலைபேசி இணைப்பகத்தின் படிகளில் ஏறினாள். இரண்டு நாளாக யாரும் வரமுடியாத கட்டடம். ஆனாலும் உள்ளே எல்லாம் தம்பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தன. அடித்தளத்து மின்னாக்கி உறுமியது, நிலைப்பலகை மினுங்கியது. வழக்கம்போல முதல் வேலையாக அவள் பலகையில் வீட்டுக்கு ஒன்றாக இருந்த புள்ளிகளை எண்ணினாள்.

மேட்டுத் தரங்கம்பாடியில் நானூற்றுப் பன்னிரண்டு வீடுகள். கடல் ஏறி வந்து பழைய ஊரை விழுங்கிய பிறகு, மண்ணைக் கொட்டி உயர்த்தி எழுப்பிய ஊர். செல்பேசிக் கோபுரங்கள் ஒவ்வொரு புயலிலும் சாய்ந்து சாய்ந்து, இனி நிறுத்தப் போவதில்லை என்று அரசாங்கம் கைகழுவி முப்பது வருடமாகிறது. மண்ணுக்கு அடியில் புதைத்த கண்ணாடி இழை மட்டும் எந்தக் காற்றுக்கும் அசைந்து கொடுக்கவில்லை. அதனால் வீட்டுக்கு வீடு மறுபடியும் சுவரோரம் ஒரு ஃபோன் வந்து உட்கார்ந்துகொண்டது.

இழையிடம் ஒரே ஒரு குறை. பாட்டன் காலத்துச் செம்புக் கம்பி குரலோடு சேர்த்துக் கொஞ்சம் மின்சாரத்தையும் சுமந்து வரும். ஊரே இருண்டாலும் ஃபோன் பேசும். கண்ணாடி ஒளியைத்தான் சுமக்கும், மின்சாரத்தைச் சுமக்காது. வீட்டில் கரண்டு போனால், ஒளியைக் குரலாக்கும் ஒளிமுனைப் பெட்டியும் கண்ணை மூடிவிடும். அதற்காக வீட்டுக்கு ஒரு மின்கலம் கொடுத்திருந்தார்கள். உள்ளங்கை அகலம், எட்டு மணி நேர ஆயுள். கரண்டு இருக்கும் வீடு பலகையில் பச்சை, கலத்தில் ஓடும் வீடு மஞ்சள், கலமும் தீர்ந்த வீடு கறுப்பு.

செவ்வாய்க்கிழமை மாலை நாலு மணிக்கு ஊர் முழுக்கக் கரண்டு போனது. கூரைமேல் இருந்த சூரியத் தகடுகளைப் புயலுக்கு முந்தியே கழற்றி உள்ளே வைத்துவிட்டார்கள். இப்போது நாற்பத்தொரு மணி நேரம் ஆகிறது. பலகை மொத்தமும் கறுப்பாக இருக்க வேண்டும்.

இருக்கவில்லை. ஏழாம் தெருவில் ஒரு புள்ளி மஞ்சளாக எரிந்தது. அதைச் சுற்றிச் சிவப்பு வளையம்.

“மாசிலாமணி, இங்க வந்து பாருங்க” என்றாள் கிருபாவதி. இழைப் பழுது பார்க்கும் மாசிலாமணி, ஈரத் துண்டைப் பிழிந்தபடியே வந்து எட்டிப் பார்த்தார்.

“சிவப்பு வளையம்னா அடுத்த வீட்டுக் கலம்ல, மேடம்?”

“ஒண்ணு இல்ல, அஞ்சு. எட்டு மணி நேரத்துக்கு ஒண்ணா மாத்தியிருக்காங்க. இன்னிக்குக் காலைல எட்டு மணிக்குப் போட்டது பக்கத்து வீட்டு லோகாம்பாளோடது.”

அவள் பதிவேட்டைப் பின்னால் ஓட்டினாள். கரண்டு போன முதல் பத்து நிமிடத்திலேயே அந்தத் தெருவின் மற்ற பதினொரு வீடுகளும் வரிசையாகக் கறுப்பாகியிருந்தன. ஊர் முழுக்க ஜனம் சொந்தக்காரர்களைக் கூப்பிட்டு, “இங்க காத்து பயங்கரமா அடிக்குது” என்று அலறிக்கொண்டிருந்த நேரம் அது. அந்தப் பதினொரு வீட்டிலும் ஒருவர்கூட வாயைத் திறக்கவில்லை.

போன புயலில் நாலாம் தெருவில் நடந்தது கிருபாவதிக்கு நினைவுக்கு வந்தது. கைபலம் உள்ள ஒருவன் மூன்று வீட்டுக் கலங்களைப் பிடுங்கிக்கொண்டான். அதில் ஒரு வீட்டில் பாம்பு கடித்தது. உதவிக்குக் கூப்பிட ஃபோன் இல்லாமல் ஒரு உயிர் போயிற்று. அதற்குப் பிறகுதான் ‘ஒரு வீடு, ஒரு கலம்’ என்ற சட்டம் வந்தது. வரைவை எழுதிக் கொடுத்தவளே கிருபாவதிதான். அயல்கலம் தெரிந்தால் அந்த வீட்டின் இணைப்பைப் பூட்ட வேண்டும். பொறுப்பாளர் பலகையில் கை வைத்ததிலிருந்து ஒரு மணி நேரம். அதற்குள் தக்க காரணம் பதியாவிட்டால் பலகை தானே பூட்டிவிடும். அவள் கை வைத்தாயிற்று. சந்தேகப்படும் வீட்டை முன்கூட்டிக் கூப்பிட்டு உஷார்படுத்தக் கூடாது என்பதும் அவளே எழுதிய வரிதான்.

“மேட்டுத் தெருவுல தண்ணி நிக்கலை, சைக்கிள்ல போய்ப் பாத்துட்டு, தெருமுனை இழைப்பெட்டியில சோதனை ஃபோனைச் செருகிக் கூப்பிடுங்க. யாராவது மிரட்டி வாங்கியிருந்தா இப்பவே பூட்டிடறேன்.”

இருபத்தைந்து நிமிடத்தில் மாசிலாமணி சோதனை ஃபோனில் வந்தார்.

“மேடம், யாரும் மிரட்டலை. அந்த வீட்டு மர்ஜானாவுக்கு ரெண்டு கிட்னியும் போயிருச்சாம். மீதிய இந்தம்மாகிட்டயே கேளுங்க. எங்கிட்டேருந்து ஃபோனைப் பிடுங்கறாங்க.”

“எக்சேஞ்ச் அம்மாவா?” என்று அதட்டலாக வந்தது ஒரு குரல். “நான் லோகாம்பாள் பேசறேன். என் கலம்தான் அது, நானேதான் கொடுத்தேன். அவ நாலு வருஷமா லிஸ்ட்டுல காத்துக் கெடக்கா. திங்கக்கிழமைதான் ஆஸ்பத்திரியில சொன்னாங்க, இனி உங்க பேருதான் முதல்ல, எந்த நேரமும் கூப்பிடுவோம்னு. கூப்பிட்ட கால் மணி நேரத்துல அவ வீட்டு நம்பர்லேருந்து அவ குரல் போகலைன்னா, கிட்னி அடுத்த ஆளுக்குப் போயிடுமாம். மறுநாளே இந்தப் பாழாப்போன புயல்!”

“கலத்தைக் கொடுக்கணும்னு யார் முடிவு பண்ணினது?”

“யாரும் முடிவு பண்ணலை. கரண்டு போனதும் எதிர்வீட்டு அந்துவான் அவன் பெட்டிய அணைச்சான். கலம் முழுசா இருக்கட்டும், மர்ஜானாவுக்கு ஆகும்னான். அவன் அணைச்சப்புறம் நான் எரியவிட்டா நல்லாவா இருக்கும்? எல்லாரும் அணைச்சிட்டோம்.”

கிருபாவதி கடிகாரத்தைப் பார்த்தாள். இன்னும் முப்பது நிமிடம். பலகை ஏற்கும் காரணம் ஒன்றே ஒன்றுதான். அடுத்தடுத்த வீடுகளில் வாழும் கூட்டுக் குடும்பங்களுக்காக அவள் விட்டுவைத்த சின்னச் சந்து அது: ‘ஒரே குடும்பம்’. ஒவ்வொரு வீட்டுக்கும் எதிரே உறவைக் குறிக்க வேண்டும்.

“மர்ஜானா உங்களுக்கு என்ன உறவு வேணும்மா?” என்று கேட்டாள், ஏதாவது தட்டுப்படாதா என்ற நப்பாசையில்.

“உறவா? போன தை மாசம் தண்ணித்தொட்டிகிட்ட அத்தனை பேர் முன்னால என்னை வாயாடின்னுட்டா. அன்னிலேருந்து அவளுக்கும் எனக்கும் பேச்சு வார்த்தையே இல்ல.”

“பேச்சே இல்லாதவங்களுக்கா கலத்தைக் கொடுத்தீங்க?”

“நான் பேசாட்டா என்னம்மா? ஆஸ்பத்திரிக்காரன் பேசணும்ல?”

கிருபாவதிக்குச் சிரிப்பும் வந்தது, கூடவே கண்ணும் கலங்கியது. அப்போதுதான் பதிவேட்டின் இன்னொரு பத்தியைக் கவனித்தாள்: எடுக்கப்படாத அழைப்புகள். ஏழாம் தெருவுக்கு மட்டும் இருநூற்றுச் சொச்சம். லோகாம்பாளின் எண்ணுக்கு ஓசூரிலிருந்து ஒரே ஆள் முப்பத்தொரு தடவை.

“உங்க பொண்ணா ஓசூர்ல? முப்பத்தொரு தடவை கூப்பிட்டிருக்காங்க.”

“அழுதிருப்பா” என்றாள் லோகாம்பாள், அதட்டல் இறங்கிய குரலில். “எனக்கும் புயலன்னிக்கு அவ குரலக் கேக்கணும்போலதான் இருந்துச்சு. என்ன செய்ய? ரெண்டு நிமிஷம் பேசறேன்னு எடுத்தா அரை மணி நேரம் ஆக்கிருவா.”

கலங்களைப் பிடுங்குகிறவர்களை நினைத்துத்தான் கிருபாவதி சட்டம் எழுதினாள். தங்கள் குரலையே எடுத்து இன்னொருத்திக்குக் கொடுப்பவர்கள் இருப்பார்கள் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை. அதை நினைக்க வெட்கமாக இருந்தது. அதைவிடப் பெருமையாக இருந்தது, இப்படி ஒரு தெருவுக்கு இழை கொடுக்கிற வேலையில் தான் இருப்பது.

அவள் படிவத்தைத் திறந்தாள். அந்துவான்: சகோதரன். லோகாம்பாள்: சகோதரி. பதினொரு வீடுகள், மூன்று மதங்கள், அதற்கும் மேலே எத்தனையோ சாதிகள். எல்லோரையும் மர்ஜானாவின் கூடப்பிறந்தவர்களாக்கினாள். ‘பதிவு உண்மையென உறுதியளிக்கிறீர்களா?’ என்று பலகை கேட்டது. பொய்ப்பதிவு என்று தெரிந்தால் வேலை போகும். உறுதி என்று அழுத்தினாள். ஒன்பது ஐம்பத்தாறுக்குச் சிவப்பு வளையம் மறைந்தது.

பதினொன்று இருபதுக்கு மஞ்சள் புள்ளி நீலமாக மாறியது. யாரோ பேசுகிறார்கள். அழைத்த எண் மண்டல மருத்துவமனையுடையது. கிருபாவதி நாற்காலியை விட்டு எழுந்து நின்றுவிட்டாள். ஒரு நிமிடம், இரண்டு, நாலு. புள்ளி மறுபடி மஞ்சளுக்குத் திரும்பியதும் மாசிலாமணி சோதனை ஃபோனில் கத்தினார்: “கெடைச்சிருச்சு மேடம்! மீட்புப் படகு வருது! புருஷன் ஜக்கரியாவுக்குக் கையும் ஓடலை, காலும் ஓடலை, தெருவே சேர்ந்து பொட்டி கட்டுது!”

பன்னிரண்டு மணிக்கு மர்ஜானாவின் வீடு கறுப்பானது. சற்று நேரத்தில் பக்கத்து வீடு மஞ்சளானது. லோகாம்பாள் தன் கலத்தைத் திரும்ப எடுத்துப்போயிருக்கிறாள். அதில் இன்னும் நாலு மணி நேரம் மிச்சமிருந்தது. எரிந்த மறுகணமே ஓசூரிலிருந்து முப்பத்திரண்டாவது அழைப்பு வந்தது. பேரிடர் நாட்களில், கறுப்பாகிக் கிடந்த வீடு மறுபடி எரிந்தால் அதற்கு வரும் முதல் அழைப்பை இணைப்பகமே கைப்பட இணைத்து, இரண்டு முனையும் கேட்கிறதா என்று உறுதி செய்ய வேண்டும். கிருபாவதி காதில் கேட்பொறியை வைத்து இணைத்தாள்.

“அம்மா! அம்மா, உயிரோட இருக்கியா?”

“இல்லாம? நல்லாத்தான் இருக்கேன். கூரைல ஓட்டை, அவ்வளவுதான். அழாத. சரி, வை.”

“மூணு நாளா சோறு தண்ணி இறங்கலை எனக்கு. எடுத்த எடுப்புல வைங்கறியே!”

“மர்ஜானாவ ஆபரேஷனுக்குக் கூட்டிட்டுப் போயிருக்காங்கடி. ஜக்கரியா இந்த நம்பருக்குத்தான் கூப்பிட்டுச் சொல்லுவான். லைன் பிஸியா இருந்தா அவன் யாருகிட்டச் சொல்லுவான்?”

“மர்ஜானாவா? அவங்களோட உனக்குச் சண்டையாச்சே!”

“சண்டைதான். அவ பொழைச்சு வரட்டும், தண்ணித்தொட்டிகிட்ட வச்சுக்கறேன். நீ மொதல்ல ஃபோன வை.”