கழற்றி வைத்த பொத்தான்

கீபோர்டில் காபியைக் கொட்டியது அவரேதான். பழியைத் தள்ளிவிட வீட்டில் வேறு ஆள் கிடையாது. பத்து மாதமாகக் கிடையாது.

ஞாயிறு மதியம் புதுக் கீபோர்டு வாங்கிவந்து செருகினார். கம்ப்யூட்டரிலிருந்த லினக்ஸ் மறுபேச்சில்லாமல் ஏற்றுக்கொண்டது. ஆனால் இரண்டு நிமிடம் கையை எடுத்தால் போதும், கட்டையாகிவிட்டது. கழற்றி மாட்டினால் எழுந்தது. விட்டால் மறுபடி தூங்கியது. அலுவலகத்தில் மேலாளர் அவரைப் பற்றிச் சொல்வதும் இதேதான்.

காரணத்தைத் தேடித் தேடி ஒவ்வொரு கோப்பாகத் திறந்துகொண்டிருக்கையில், வெளியே மேகம் கவிந்து அறை மங்கியது. ஓடிக்கொண்டிருந்த ஃப்ரிட்ஜின் முனகல் சட்டென நிற்க, அந்த அமைதிக்குள் பக்கத்து அறைக் கட்டிலிலிருந்து, எத்தனை முறை கழுவியும் போகாத மருந்து வாசனை மெல்ல நகர்ந்து வந்து அவர் தோளருகில் நின்றது.

கோப்பு கிடைத்தது. தலைப்பில் ஒரு கேலி: 'சும்மா இருப்பவருக்குக் கரண்ட் கிடையாது.' அவர் கைவண்ணமேதான். இரண்டு நிமிடம் தொடாத எந்த யூ.எஸ்.பி. சாதனத்தையும் தூங்க வை. என் கீபோர்டையும் மவுஸையும் மட்டும் விட்டுவிடு. அதில் இருந்தது பழைய கீபோர்டின் அடையாள எண். கரண்ட் போனாலும் பேட்டரி விடியும்வரை தாங்க வேண்டும், அவளுடைய மணி அடிக்க வேண்டும் என்பதற்காக எழுதியது.

சேமித்த தேதியைப் பார்த்தார். மனைவி இறந்ததற்கு முந்தின நாள்.

கடைசி இரண்டு வருடம் அவளுக்கு அசைந்தது வலது கட்டைவிரல் மட்டும். அதன் கீழ் ஒரு சிவப்பு ரப்பர் பொத்தான். கம்ப்யூட்டரில் அதற்கு அவர் வைத்த பெயர் 'மகாராணி'. இரவில் அழுத்தினால் அவர் தலைமாட்டில் மணி அடிக்கும். பகலில் ஒரு அழுத்தம் ஆமாம், இரண்டு இல்லை. "நான் அழகா இருக்கேனா?" என்று கேட்டால் பட்பட்டென்று இரண்டு வரும். பிறகு மனசு இறங்கி, மெதுவாக ஒன்று.

தூங்க வைக்காதே என்ற பட்டியலில் மகாராணி இல்லை.

மைத்துனிக்கு போன் செய்தார்.

"அன்னைக்குக் காலைல அவளை முதல்ல பாத்தது நீதானே? ராத்திரி என்னைக் கூப்பிட்டிருப்பாளா?"

"தூக்கத்துலயே போயிட்டான்னு டாக்டரே சொல்லிட்டாரே அத்தான். எத்தனை தடவை கேப்பீங்க?"

"விரல் பொத்தான் மேல இருந்துச்சா?"



"சாப்பிட்டீங்களா, இல்லையா?" என்றாள்.

அவர் போனை வைத்தார். கோப்பில் 'தூங்க வை' என்ற வரியை அழித்தார். எதை அழுத்தினாலும் திரையில் ஒரு வரி எழுதிக்காட்டும் சோதனை நிரலை ஓட்டினார். மாட்டியிருக்கும் சாதனங்களை அது முதலில் பட்டியலிட்டது.

ஒன்று, கீபோர்டு.

இரண்டு, மவுஸ்.

மூன்று, மகாராணி.

 ஏதோ பழைய மிச்சம் என்று சொல்லிக்கொண்டார். மேசை இழுப்பறையைத் திறந்தார். பொத்தான் இருந்தது. ஒயரைச் சுருட்டி அவர் போட்ட ரப்பர் பேண்டு அப்படியே இருந்தது. ஒயரின் முனை எதிலும் மாட்டியிருக்கவில்லை.

"நீயாம்மா?"

பட்.

திரையில் ஒரு வரி.

மருந்து வாசனை இப்போது காதருகில். கேட்கக் கூடாது என்று தெரிந்தது. பத்து மாதமாக வேறெதையும் அவர் கேட்கவில்லை.

"அன்னைக்கு... என்னைக் கூப்பிட்டியா?"

பட்.

காத்திருந்தார். இன்னொன்று. இன்னும் ஒன்றே ஒன்று அழுத்திவிடு. எப்போதும் போல விளையாட்டுக்காவது.

வரவில்லை.

"எத்தனை தடவைம்மா?"

பட். பட். பட்.

வரிகள் ஏறின. திரை நிறைந்தது. மேல் வரிகள் மறைந்தன. நாற்பதுவரை எண்ணினார். பிறகு முடியவில்லை. இழுப்பறைக்குள், சிவப்பு ரப்பரில் ஒரு கட்டைவிரல் அகலத்துக்குக் குழி விழுந்தது. எழுந்தது. விழுந்தது.